விரிப்புக்குக் காது கேட்டது

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு ஆனேக்கலிலிருந்து ஃபாத்திமா சிஸ்டர் போன் செய்தார். கவியரசன் கையில் வடை இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டான்.

"கவி, உங்க மெஷினுக்கு என்னப்பா ஆச்சு? பெட்ஷீட்டுக்குக் காது நல்லா கேக்குதுன்னு சொல்லுது."

அறையில் இருந்த எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

"பெட்ஷீட்டுக்கு எத்தனை நாள் வயசு சிஸ்டர்?" என்று கேட்டான் கவியரசன்.

"அரே, சும்மா இருப்பா. நேத்து பொறந்த குழந்தை. வலது காது பாத்தேன், பச்சை வந்துச்சு. இடது காதுக்கு மாத்தினேன். குழந்தை தலையைத் திருப்புனதுல அந்தச் சின்னக் குழாய் நழுவி பெட்ஷீட் மேல விழுந்து கெடக்கு. நான் பாக்காம பட்டனை அழுத்திட்டேன். அதுக்கும் பச்சை. சிரிக்கிறீங்களே, அந்த எடத்துல காது கேக்காத குழந்தை இருந்திருந்தா?"

சிரிப்பு நின்றது. கவியரசன் வடையைக் காகிதத்தில் வைத்துவிட்டு நோட்டை எடுத்தான்.

பெங்களூரில், தொம்மலூரின் பழைய ஊர்ப் பகுதியில், ஒரு மாவு மில்லுக்கு மேல் மாடியில் இருந்தது அவர்களுடைய கம்பெனி. மொத்தம் எட்டுப் பேர். பிறந்த குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்கும் சிறிய கருவி ஒன்றை மூன்று வருடமாகச் செய்துகொண்டிருந்தார்கள். தூங்குகிற குழந்தையின் காதில் மெல்லிய குழாயை வைத்தால் போதும். கருவி சின்னதாக ஒரு 'டிக்' ஒலியை உள்ளே அனுப்பும். நன்றாக இருக்கிற காது அதற்குத் திருப்பி ஒரு மிக மெல்லிய எதிரொலி தரும். அந்த எதிரொலியைப் பதிவு செய்து பார்த்து, இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் மஞ்சள். ஆனேக்கலில் ஒரு பிரசவ மருத்துவமனையில் பரிசோதனைக்காக ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். அங்கே எல்லாக் குழந்தைகளையும் பழைய பெரிய கருவியிலும் ஒருமுறை பார்த்துவிடுவதால் யாருக்கும் தீங்கில்லை. ஆனால் இன்னும் மூன்று வாரத்தில் பன்னிரண்டு ஊர்களுக்குக் கருவி போக வேண்டும். அங்கெல்லாம் பெரிய கருவி கிடையாது.

கம்பெனியை நடத்துகிற சேஷகிரிக்கு அறுபது வயது இருக்கும். அவருடைய குடும்பம் நான்கு தலைமுறையாகப் பெங்களூர். கோபம் வந்தால் குரல் உயராது. கன்னடம் வரும், அவ்வளவுதான். அன்று கன்னடம் வந்தது.

"நோடப்பா கவி, மொதல் காதோட பதிவு ரெண்டாவது காதுக்கும் வருது. அப்படின்னா உன் ஃபர்ம்வேர் பழசையே ரெண்டு தடவை அனுப்புது. வேற என்ன இருக்க முடியும்? வர்ற வியாழக்கிழமை பதினொரு மணிக்கு உக்காருவோம். காரணம் தெரியலைன்னா ஃபர்ம்வேர் வேலையை வெளில குடுத்துடறேன். எனக்கு வேற வழியில்ல."

அந்த வாரத்தோடு கவியரசனின் ஆறு மாதத் தற்காலிகப் பணிக்காலமும் முடிகிறது. ஃபர்ம்வேரை வெளியே கொடுத்தால் அவனுக்கு அங்கே வேலை இல்லை. அதை அவர் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்தது.

கவியரசன் பாலக்கோட்டுப் பையன். இருபத்தாறு வயது. கருவிக்குள் இரண்டு மூளைகள் உண்டு. குழாயை இயக்கி ஒலி அனுப்பி எதிரொலியை வாங்குவது சின்ன மூளை. அதில் ஓடும் ஃபர்ம்வேர் என்கிற நிரல் அவன் எழுதியது. பதிவை ஆராய்ந்து பச்சையா மஞ்சளா என்று சொல்வது பெரிய மூளை, அதாவது பிராசஸர். அதில் லினக்ஸ் ஓடுகிறது. சோதனைக்காக ஒரு ரப்பர் காது வைத்திருந்தார்கள். அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தவனும் அவன்தான். "எது சொன்னாலும் காதுல போட்டுக்காது, அதான்" என்பான். திங்கட்கிழமை காலையிலிருந்து அவனும் மாப்பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

அன்று மத்தியானம் அவன் கிருத்திகாவின் மேஜைக்கு வந்து நின்றான்.

கிருத்திகா வாணியம்பாடியிலிருந்து வந்து பத்து வருடமாகப் பெங்களூரில் இருப்பவள். போர்டில் என்னென்ன இருக்கிறது என்பதை லினக்ஸுக்கு எடுத்துச் சொல்லும் ஃபைலை எழுதுவது அவள் வேலை. டிவைஸ் ட்ரீ என்பார்கள். போர்டில் இருப்பதை லினக்ஸ் தானாகப் பார்த்துத் தெரிந்துகொள்ளாது. கண்ணைக் கட்டிய ஒருவரைப் புது வீட்டுக்குள் அழைத்துப்போய், இங்கே வாசற்படி, இங்கே அடுப்பு, இந்த அறைக்குள் போகாதீர்கள், அங்கே ஒருவர் குடியிருக்கிறார் என்று சொல்வது போன்ற வேலை. ஃபர்ம்வேர் எந்த இடத்தில் குடியிருக்கிறது, பதிவுகளைத் தூக்கிக்கொண்டு போகிற டி.எம்.ஏ. எந்த வழியாக வரும், எங்கே இறக்கும், எல்லாம் அந்த ஃபைலில் இருக்கும். லினக்ஸ் திருப்பிக் கேட்காது. சொன்னதை அப்படியே நம்பும். அப்படி நம்புகிற ஒன்றிடம் பேசுவதால் கிருத்திகா கவனமாகவே எழுதுவாள். காலையில் விளக்கேற்றும்போது அவள் கேட்பதும் ஒரே ஒரு வரிதான்: என் கையால் யாருக்கும் கெடுதல் வரக்கூடாது.

"அக்கா, உங்க ஃபைல ஒரு தடவை ரெண்டு பேரும் சேந்து பாக்கலாமா?" என்றான் கவியரசன்.

"எதுக்குப்பா? செக்கர் ஒரு வார்னிங்கூட குடுக்கல. சார் ரிவ்யூ போட்டாரு. என் பக்கம் ஒண்ணுமில்ல, நீ உன் கோடைப் பாரு."

"சரிக்கா."

"சாப்டியா?"

"இல்லக்கா."

தன் டப்பாவில் இருந்த தயிர் சாதத்தில் பாதியை மூடியில் வைத்துக் கொடுத்தாள். அவன் மாப்பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டான். நல்லது செய்துவிட்ட நிறைவோடு அவள் தன் வேலைக்குத் திரும்பினாள்.

செவ்வாய் போயிற்று. புதன்கிழமை மாலை நாலு மணிக்கு எல்லோரும் டீ குடிக்கக் கீழே போயிருந்தார்கள். கவியரசனுக்கு ஒரு கப் டீயை எடுத்துக்கொண்டு கிருத்திகா மேலே வந்தாள். அவன் இடத்தில் இல்லை. டீயை வைக்க இடம் தேடியவளின் கண் திறந்திருந்த நோட்டில் விழுந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கோடு போட்ட நோட்டு. இரண்டு பத்தியாக எண்கள்.

அனுப்பியது 211. வந்தது 211.
அனுப்பியது 212. வந்தது 211.
அனுப்பியது 213. வந்தது 211.

ஒவ்வொரு பதிவின் தலையிலும் ஒரு வரிசை எண்ணைப் போட்டு அனுப்பியிருக்கிறான் என்று பார்த்ததும் புரிந்தது. அவன் ஃபர்ம்வேர் பழசை அனுப்பவில்லை. புதிதாக 212-ஐத்தான் அனுப்பியிருக்கிறது. டி.எம்.ஏ.யும் அதைக் கொண்டுபோய் இறக்கியிருக்க வேண்டும். இந்தப் பக்கம் இருக்கும் பிராசஸர்தான் புதிதைப் பார்க்காமல் பழசையே படித்துக்கொண்டிருக்கிறது.

கிருத்திகா டீ கப்பை நோட்டின் மேலேயே வைத்துவிட்டாள்.

பிராசஸர் அடிக்கடி பார்ப்பதையெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு நகல் வைத்துக்கொள்ளும். டி.எம்.ஏ. புதுப் பதிவை இறக்கியதும் அந்தப் பழைய நகலைத் தூக்கி எறிய வேண்டும். சில சிப்புகளில் அதை ஹார்டுவேரே பார்த்துக்கொள்ளும். மற்றவற்றில் லினக்ஸ் செய்ய வேண்டும். ஹார்டுவேர் பார்த்துக்கொள்ளும் என்று சொல்வதற்கு டிவைஸ் ட்ரீயில் ஒரே ஒரு சொல் உண்டு. கோஹெரன்ட். அதை எழுதிவிட்டால் லினக்ஸ் கவலையில்லாமல் இருந்துவிடும். பழைய போர்டில் அது உண்மை. புதுப் போர்டில் அந்த வசதி இல்லாத சிப்பாக மாற்றினார்கள். கிருத்திகா பழைய ஃபைலிலிருந்து அந்தப் பகுதியை எடுத்துப் புதிதில் ஒட்டினாள். முகவரிகளை மாற்றினாள், எண்களை மாற்றினாள். அந்தச் சொல் அப்படியே இருந்தது. செக்கர் எழுத்தும் அமைப்பும் சரியா என்றுதான் பார்க்கும். சொன்னது உண்மையா என்று அதற்குத் தெரியாது.

ஆபீசில் இந்தப் பிழை இதுவரை ஏன் வரவில்லை என்பதும் அப்போதே புரிந்தது. இங்கே மாப்பிள்ளையிடம் ஒரு தடவை பார்த்துவிட்டு ஐந்து நிமிடம் கழித்து அடுத்ததைப் பார்ப்பார்கள். அதற்குள் வேறு வேலைகள் வந்து பழைய நகல் தானாகவே போய்விடும். ஃபாத்திமா சிஸ்டருக்கு அந்த அவகாசம் கிடையாது. குழந்தை விழிப்பதற்குள் இரண்டு காதையும் பார்க்க வேண்டும். கவியரசனும் அதே வேகத்தில் அடுத்தடுத்து அழுத்திப் பார்த்திருக்கிறான்.

நோட்டின் மேல் மூலையில் தேதி இருந்தது. திங்கட்கிழமை.

கவியரசன் கை கழுவிவிட்டு வந்தான். அவளையும் நோட்டையும் பார்த்து நின்றான்.

"திங்கட்கிழமையே உனக்குத் தெரியுமா?" என்றாள்.

"டீ நோட்டு மேல இருக்குக்கா. வட்டம் விழும்."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"தெரியும்க்கா."

"ஏன் சொல்லல?"

"கேட்டேனேக்கா. உங்க ஃபைல பாக்கலாமான்னு."

கிருத்திகாவுக்கு முகம் சூடாயிற்று. தயிர் சாதம் கொடுத்தது ஞாபகம் வந்தது. அவன் கேட்டதைக் கொடுக்காமல் அதைக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.

"அது சரி. அதுக்கப்புறம்? வாயைத் தொறந்து, அக்கா இது உங்க தப்புன்னு சொல்ல வேண்டியதுதானே."

"வேலை போற நேரத்துல அடுத்தவங்க மேல கை காட்டினா யார் நம்புவாங்க? அதுவும் உங்க மேல." நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். "நான் ஒண்ணு யோசிச்சு வெச்சிருக்கேன்க்கா. அந்த ஒரு சொல்லை எடுத்துட்டு, என் ஃபர்ம்வேர் திருத்தத்தோட சேத்துப் போட்டுடறேன். என் தப்பு, சரி பண்ணிட்டேன்னு சார்கிட்ட சொல்லிடறேன். புதுப் பையன் தப்பு பண்ணுவான்னு எல்லாருக்கும் தெரியும். உங்க பேர் வராது."

"அப்புறம் உன்னை அனுப்பிடுவாரு."

"அனுப்ப மாட்டாரு, சரி பண்ணிட்டேன்ல. அனுப்பினாலும் ஓசூர்ல பாத்துக்கலாம்." சிரிக்கப் பார்த்தான். "மொத வாரம் நான் போர்டை எரிச்சப்ப நீங்க என்ன சொன்னீங்க? பவர் சப்ளைய பன்னண்டு வோல்ட்ல விட்டுட்டுப் போனது நான்தான்னு சொன்னீங்க."

"அது நெஜம்டா. நான்தான் விட்டுட்டுப் போனேன்."

"நெஜமா?"

"ஆமா. நீ பாக்காம சொருகினே, நான் விட்டுட்டுப் போனேன். ரெண்டு பேரும்தான் எரிச்சோம். உன்னைக் காப்பாத்தணும்னு நான் பொய் சொல்லல."

கவியரசன் ஆறு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தது வேறு. டீயில் ஆடை படிந்துகொண்டிருந்தது.

"குடி, ஆறிப் போச்சு," என்றாள் கிருத்திகா.

மறுநாள் காலை விளக்கேற்றி வழக்கமான வரியைச் சொல்ல வாயெடுத்தவளுக்கு அது வரவில்லை. கெடுதல் வரக்கூடாது என்று கேட்டவள் கையிலிருந்துதான் அது போயிருந்தது. ஃபாத்திமா சிஸ்டர் பார்க்கத் தவறியதில் அது வெளியே தெரிந்தது. ஒருவருடைய கவனப்பிசகைக்கொண்டு இன்னொருவருடைய பிழையைக் காட்டிக்கொடுக்கிற கருணையை நினைத்து அவள் சிறிது நேரம் நின்றாள். பிறகு வேறொன்று கேட்டாள். பதினொரு மணிக்கு என் வாய் குழறக்கூடாது.

அவர்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. லினக்ஸ் எழுதுகிறவர்களிடமிருந்து சேஷகிரி எடுத்துக்கொண்டது. பிழையைத் திருத்துகிறவர் திருத்தத்தின் அடியில் ஒரு வரி எழுத வேண்டும்: எந்த மாற்றத்தால் இந்தப் பிழை வந்தது என்று அதன் எண். அந்த எண்ணைத் தட்டினால் யார் எழுதினார்கள், யார் பார்த்துச் சரி சொன்னார்கள் என்று பெயர்கள் வரும். பார்த்துச் சரி சொல்லும் உரிமை நிரந்தரமானவர்களுக்கு மட்டும். கவியரசன் தயாராக வைத்திருந்த திருத்தத்தில் அந்தப் பிழை வரி மட்டும் காலியாக இருந்தது. கிருத்திகா அதை வேண்டாமென்று ஒதுக்கிவிட்டுத் தன் பெயரில் புதிதாக ஒன்று எழுதினாள். அந்தச் சொல்லை நீக்கினாள். எண்ணைப் போட்டாள்.

பதினொரு மணிக்கு சேஷகிரி அறைக்குள் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். கீழே மாவு மில் ஓடிக்கொண்டிருந்ததால் மேஜை லேசாக அதிர்ந்தது.

"ஹேளு, சொல்லு," என்றார் சேஷகிரி, கவியரசனைப் பார்த்து.

"சார், நான் சொல்றேன்," என்றாள் கிருத்திகா. "தப்பு என்னோடது." நோட்டை அவர் முன்னால் வைத்தாள். டீ வட்டம் விழுந்த பக்கம். வாய் குழறாமல் எல்லாவற்றையும் சொன்னாள். கவியரசன் கேட்டதையும், தான் பார்க்க மறுத்ததையும்கூடச் சொன்னாள். அவன் பழியை ஏற்கப் பார்த்ததைச் சொல்லலாமா என்று யோசித்து, அதையும் சொன்னாள்.

சேஷகிரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவள் திருத்தத்தின் அடியில் இருந்த எண்ணைத் தட்டினார். திரையில் வந்த பெயர்களைப் படித்தார். எழுதியது கிருத்திகா. பார்த்துச் சரி சொன்னது சேஷகிரி.

"இது எந்தத் தேதிம்மா?"

"ஏகாதசி சார். அன்னைக்கு நீங்க ஆபீஸ் வரல."

"ஹௌது, ஹௌது." ஆமாமென்று தலையாட்டினார். "சொக்கப்பெருமாள் கோயில் வரிசையில நின்னுட்டு இருந்தேன். போன்ல வந்தது. கிருத்திகா எழுதினதுதானே, என்ன இருக்கப்போகுதுன்னு ஓகே அழுத்திட்டேன். ஒரு வரிகூடப் படிக்கல. பெருமாளையாவது ஒழுங்கா சேவிச்சேனான்னு கேட்டா அதுவும் இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. அவரே கொஞ்சம் சிரித்தார். பிறகு கவியரசன் பக்கம் திரும்பினார். இப்போது குரல் வேறு மாதிரி இருந்தது.

"உன் மேல எனக்குக் கோபம்ப்பா. அவமேல இருக்கறதை விட அதிகம். திங்கட்கிழமை தெரிஞ்சது வியாழக்கிழமை வருது. அதுவும் அவ வாயால வருது. நீ சொன்ன கதையை நான் நம்பியிருந்தா என்ன ஆயிருக்கும்? அடுத்த போர்டுக்கும் இதே மாதிரி பழைய ஃபைலப் பாக்காமதான் எடுத்து ஒட்டுவோம். அங்க மறுபடியும் பெட்ஷீட்டுக்குக் காது கேக்கும்."

"ஆமா சார்."

"யாருக்கு நல்லது பண்றோம்னு பாக்கணும். கிருத்திகாவுக்குப் பண்ணினே. அந்தக் குழந்தைக்கு?"

கவியரசன் தலை குனிந்திருந்தான். கிருத்திகா பேச வாயெடுத்தாள். சேஷகிரி கையைக் காட்டி நிறுத்தினார்.

"நாளைக்கு ரெண்டு பேரும் ஆனேக்கல் போங்க. திருத்தினதை அந்த மெஷின்ல ஏத்தி, சிஸ்டரையே பாக்கச் சொல்லுங்க. மத்ததெல்லாம் அப்புறம்."

மற்றதெல்லாம் என்றால் என்ன என்று கேட்கும் துணிவு இருவருக்கும் இல்லை.

வெள்ளிக்கிழமை ஆனேக்கல் மருத்துவமனையில் ஃபாத்திமா சிஸ்டர் அவர்களை ஒரு காலிக் கட்டிலுக்கு அழைத்துப்போனார். துவைத்து மடித்த விரிப்பு ஒன்றை எடுத்து விரித்தார்.

"இதான் அன்னைக்கு நல்லாக் கேட்ட பெட்ஷீட்," என்று அறிமுகம் செய்துவைத்தார்.

மாப்பிள்ளையைக் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். சிஸ்டர் முதலில் ரப்பர் காதில் குழாயை வைத்து அழுத்தினார். பச்சை. கை வேகம் குறையாமல் உடனே விரிப்பின் மேல் வைத்து அழுத்தினார். மஞ்சள். மறுபடி காது, பச்சை. மறுபடி விரிப்பு, மஞ்சள். இருபது தடவை அப்படியே மாறி மாறிச் செய்தார். கவியரசன் நோட்டில் எண்களை எழுதிக்கொண்டே வந்தான். அனுப்பியதும் வந்ததும் ஒவ்வொரு வரியிலும் ஒன்றாகவே இருந்தன.

"இப்பதான் பெட்ஷீட் பெட்ஷீட்டா இருக்கு," என்றார் ஃபாத்திமா சிஸ்டர். "யார் பண்ணின தப்புப்பா அது?"

"நான்தான் சிஸ்டர்," என்றாள் கிருத்திகா. இரண்டாவது தடவையாகச் சொல்வதால் அது எளிதாக வந்தது.

"அட, நானும்தான் குழாய் விழுந்ததைப் பாக்கல. வாங்க, கேண்டீன்ல டீ நல்லாருக்கும்."

திரும்பி வரும்போது சந்தாபுரத்தில் பஸ் நின்றுவிட்டது. முன்னால் கண்ணுக்கெட்டிய தூரம் வண்டிகள். கிருத்திகா ஜன்னலோரம் உட்கார்ந்து கொண்டுவந்த கொய்யாப்பழத்தை இரண்டாகப் பிட்டு ஒன்றைக் கொடுத்தாள். கவியரசன் வாங்கிக்கொண்டான், சாப்பிடவில்லை. ஓசூரில் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களாம் என்று அவளிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அப்போது அவன் போன் ஒருமுறை ஒலித்தது. எடுத்துப் பார்த்தவன் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"என்னப்பா, வீட்லருந்தா?"

போனை அவளிடம் நீட்டினான். அவள் நேற்று எழுதிய திருத்தம். கீழே வழக்கமான வரிகள். திருத்தியவர், கிருத்திகா. பார்த்துச் சரி சொல்ல வேண்டியவர் என்ற இடத்தில் சேஷகிரி ஒரு பெயரை எழுதியிருந்தார். கவியரசன்.

வேறு ஒரு சொல்கூட அவர் எழுதவில்லை.

"அக்கா, நிரந்தரமானவங்கதானே இதைப் போட முடியும்," என்றான்.

"ஆமா."

"அப்ப..."

"அப்ப என்ன, அதான்." வெளியே பார்த்துக்கொண்டாள். "கொய்யாவைச் சாப்பிடு."

சாப்பிட்டான். கையைத் துடைத்துக்கொண்டு போனில் விரலை வைத்தான். "ஓகே போட்டுடட்டாக்கா?"

"அடி வாங்குவே. ஃபைல மொதல்லருந்து கடைசி வரைக்கும் படி. என் பேர் இருக்குன்னு படிக்காம போட்டா மறுபடியும் பெருமாள் கோயில் வரிசைதான்."

பஸ் ஊர்ந்தது, நின்றது, மறுபடி ஊர்ந்தது. அவன் ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டு வந்தான். எலெக்ட்ரானிக் சிட்டி தாண்டும்போது விரல் நின்றது. நிமிர்ந்து அவளைப் பார்த்தான். மறுபடி போனைப் பார்த்தான்.

கிருத்திகா அவன் பக்கம் திரும்பினாள்.

"அக்கா," என்றான். "கீழே ஸ்பீக்கர் பகுதியிலயும் அதே சொல் இருக்குக்கா. நீங்க அதை எடுக்கல."

அவள் போனை வாங்கிப் பார்த்தாள். இருந்தது. டிக் ஒலியை அனுப்பும் பக்கம். ஒவ்வொரு தடவையும் ஒரே ஒலியை அனுப்புவதால் பழையது போனாலும் புதியது போனாலும் யாருக்கும் தெரியாது. வேறு ஒலி தேவைப்படும் நாளில்தான் தெரிய வந்திருக்கும்.

"ஆமாண்டா," என்றாள். "இருக்கு." சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும்வரை சிரித்தாள். "எழுது. சரியில்ல, திருப்பி அனுப்பறேன்னு எழுது."

"எப்படி ஆரம்பிக்கிறதுக்கா? ஆபீஸ் விஷயத்துல அக்கான்னு போடலாமா?"

"தாராளமா போடு. தப்பை மட்டும் விட்டுடாதே."

அவன் போனைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துக்கொண்டு, பஸ்ஸின் குலுக்கலில் இரண்டு எழுத்தைத் தட்டி ஒன்றை அழித்து, தன் முதல் மறுப்பை எழுதத் தொடங்கினான். கிருத்திகா பாதிக் கொய்யாவைக் கையில் வைத்தபடி அவன் முடிப்பதற்காகக் காத்திருந்தாள்.